ஏறின கால், இறங்கின கால்

பாலம் திறப்பதற்கு ஒரு மாதம் இருக்கும்போது அரசாங்க வீதித் திணைக்களத்திலிருந்து இளம் பொறியியலாளர் ஒருவர் வீடு தேடி வந்தார். திறப்பு விழாவுக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். "ஐயா முப்பது வருசத்துக்கு மேல பாதையில வேலை செய்திருக்கிறியள். சுவாரசியமான சம்பவங்கள் ரெண்டு மூண்டு எழுதித் தாங்கோவன்" என்றார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். எழுதிக் கொடுத்தேன். நடு வாவியில் குதித்த எருமை, மாப்பிள்ளையைக் கரையில் விட்டுவிட்டு ஏறிப்போன கலியாணக் கூட்டம், இப்படிச் சில. அச்சில் வந்தது, படித்தவர்கள் சிரித்தார்கள். கொடுக்காமல் வைத்துக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கேட்க வேண்டியவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பாலம் வந்ததில் எனக்குச் சந்தோசம்தான். பிள்ளைப்பேற்று நோவோடு ஒரு பெண் கரையில் கிடக்க, இயந்திரம் பிடிக்காமல் கயிற்றை இழுத்து இழுத்துக் கை தோலுரிந்தவன் நான். அப்படிப்பட்டவன் பாதை நின்றதற்கு அழமாட்டான். நான் அழுவது வேறொன்றுக்கு.

வெளியூரார் குழம்பாமல் இருக்க ஒரு வார்த்தை. பாதை என்று நாங்கள் சொல்வது இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்த பெரிய தெப்பத்தை. மட்டக்களப்பு வாவிக்குக் கடல் பக்கம் எழுவான்கரை, வயல் பக்கம் படுவான்கரை. இந்தக் கரையின் ஆட்களையும் சைக்கிள்களையும் களுதாவளை வெற்றிலைக் கூடைகளையும் அந்தக் கரைக்கும், அங்கிருந்து நெல் மூட்டைகளையும் ஆட்களையும் இந்தக் கரைக்கும் கொண்டுவருவதுதான் வேலை. நான் சேரும்போது எனக்கு இருபத்தாறு வயது. முதல் இரண்டு வருடம் கயிறு கட்டினேன், பலகை இறக்கினேன், இயந்திரத்தின் குணம் படித்தேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியது பாதைக்குப் பொறுப்பாக இருந்த நல்லதம்பியரைப் பற்றி. நான் மாமா என்று கூப்பிடுவேன், உறவில்லை, வயதுக்கு மரியாதை. குறைவாகப் பேசும் மனிதர். ஆட்கள் ஏறும்போது இறங்குபலகையின் பக்கத்தில் நின்று எண்ணுவார். அக்கரையில் இறங்கும்போதும் எண்ணுவார். இரண்டும் சரியாக இருந்தால்தான் அடுத்த கூட்டத்தை ஏறவிடுவார். முதல் நாள் நான் தலைகளை எண்ணிக் குழம்பினேன். தலையில் கூடை, குடை, தோளில் மூட்டை.

"தலைய ஏன் மனே பாக்கிற?" என்றார். "காலப் பாத்து எண்ணு. பலகையில கால் வைக்காம ஒருத்தனும் ஏறேலாது."

அப்படியே பழகினேன். சில வருடத்தில் முகம் மறந்த ஆளின் கால் நினைவிருக்கும். வெடித்த குதிகால், சேறு காய்ந்த கால், மெட்டி போட்ட கால். எண்ணி முடித்ததும் பாதையின் இரண்டு முனையிலும் குறுக்கே கிடக்கும் சங்கிலியைக் கொளுக்கியில் மாட்டி, அதைத் தன் இடுப்பால் இரண்டு தரம் தள்ளிப் பார்ப்பார். ஒரு தரம் போதாதா என்று கேட்டேன். ஒரு தரம் எனக்கு, ஒரு தரம் ஏறினவனுக்கு என்றார். ஏறியவன் நல்லவனோ கெட்டவனோ, பலகையில் கால் வைத்த பிறகு அவன் நம் பொறுப்பு, அவனை இறக்கும் வரை அவனோடு நமக்கு வேறு கணக்குக் கிடையாது என்பது அவருடைய முறை. கள்ளனென்று ஊர் துரத்திவந்த ஒருவனைக்கூட அக்கரையில் இறக்கிவிட்டுத்தான், "இனி ஓடு" என்றார்.

நான் சேர்ந்து மூன்றாம் வருடம், சண்டைக் காலம், எழுவான்கரையில் சுற்றிவளைப்பு நடந்தது. யார் நடத்தினார்கள் என்பதை விட்டுவிடுகிறேன். அன்று நான் படுவான்கரையில் இருந்தேன். ஆண்களையெல்லாம் மைதானத்தில் கூட்டி, தலையைக் குனிந்துகொண்டு வரிசையில் போகச் சொன்னார்கள். வரிசை முடியும் இடத்தில் ஒருவன் கதிரையில் இருந்தான். தலையிலிருந்து முழங்கால் வரை சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் தலையாட்டினால் அந்த ஆளை இழுத்து லொறியில் ஏற்றினார்கள். அன்று ஏழு பேரை ஏற்றினார்கள். அதில் ஒருவன் நல்லதம்பியரின் ஒரே மகன் ரவி. பத்தொன்பது வயது, சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த பிள்ளை. இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ரவி வரவில்லை.

நான்காம் நாள் நல்லதம்பியர் வேலைக்கு வந்தார். காலைக் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தவர் ஓரிடத்தில் எண்ணுவதை நிறுத்தினார். அவர் எண்ணிக்கையை விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். பலகையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறியவன் யோகன். அக்கரையில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை, தினமும் வந்துபோகிறவன். அவனுடைய இடது காலில் இரண்டாம் விரல் பெருவிரலின் மேல் ஏறிக் கிடக்கும். எனக்கும் அந்தக் கால் தெரியும்.

அன்று பின்னேரம் ஆட்கள் போன பிறகு என்னிடம் சொன்னார். "சாக்குக்குக் கீழ கால் தெரிஞ்சிச்சு மனே. எல்லாரயும் தலையக் குனியச் சொன்னானுகள். குனிஞ்சா கால்தானே தெரியும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ரவி எனக்குத் தம்பி மாதிரி, சைக்கிள் ஓடப் பழக்கியது நான்தான். "நடு வாவியில ஒரு தள்ளு மாமா. ஆருக்குத் தெரியும்?" என்றேன்.

அப்போது வைகாசி. அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடந்துகொண்டிருந்தது. அவர் கையை நீட்டி மணிக்கட்டைக் காட்டினார். "காப்புக் கட்டியிரிக்கன். குளிர்த்தி முடியட்டும்."

குளிர்த்தி சடங்கின் கடைசி நாள். புருசனை அநியாயமாகப் பறிகொடுத்து ஊரையே எரித்த அம்மனைக் குளிரப் பாடி, தண்ணீர் தெளித்துக் கோபம் ஆற்றுவார்கள். நல்லதம்பியர் வருடா வருடம் அங்கே நிற்பவர். குளிர்த்தி முடிந்து காப்பையும் அவிழ்த்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த மாதம் யோகனின் தாய் செத்தாள். மொட்டைத் தலையோடு ஏறினான். இன்றைக்காவது என்று நான் அவர் காதில் சொன்னேன். "தாய்க்கு முப்பத்தொண்டு முடியல்ல. இவன் போனானெண்டா அந்தக் கிழவிக்கு ஒரு சொட்டுத் தண்ணி வார்க்க ஆள் இல்ல. அது எனக்கு வேணாம்" என்றார். முப்பத்தோராம் நாளும் முடிந்தது. அவன் ஏறினான், இறங்கினான். அவர் அவனுடைய காலையும் மற்றக் கால்களோடு சேர்த்து எண்ணினார். அவன் வழக்கமாகப் பின்முனைச் சங்கிலிப் பக்கம் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு நிற்பான். அவரும் அவனுக்குப் பக்கத்தில் போய் நிற்கப் பழகினார். பேசமாட்டார், பார்க்கவும் மாட்டார். சும்மா நிற்பார். அது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ரவியின் மரணச் சான்றிதழுக்கு எழுதித் தரும்படி அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், எழுதிக் கொடுக்கவில்லை. ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்யப் போனபோது நானும் கூடப் போனேன். ஐயர் பெயர்களைக் கேட்டார். தகப்பன், பாட்டன், பூட்டன் என்று மூன்று பெயரைச் சொன்னார். "இன்னும் ஆரும் இரிக்காங்களா?" என்று ஐயர் கேட்டார். "இல்ல ஐயா, அவ்வளவுதான்" என்றார். எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. மனிதர் பயந்துவிட்டார், கோயிலையும் காப்பையும் சாட்டுக்கு வைத்திருக்கிறார் என்றுதான் முடிவு கட்டினேன். ஒருநாள் முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டேன்.

"உங்களுக்கு மகனவிடச் சாத்திரம் பெரிசு மாமா."

அவர் எழுந்துபோய்ச் சங்கிலியை இரண்டு தரம் தள்ளிப் பார்த்தார். இதை எழுதும்போதும் என் நாக்கை அறுத்தெறியலாம் போல இருக்கிறது.

கார்த்திகை மாரி தொடங்கியிருந்தது. வாவி நிறைந்து, வாடைக்காற்றில் தண்ணீர் மடிந்து மடிந்து வந்தது. அன்று காலை பின்முனைச் சங்கிலியை மாட்டச் சொல்லி என்னை அனுப்பினார். யோகன் வழக்கம்போல் அங்கே நின்றான். நான் சங்கிலியை இழுத்துவந்து கொளுக்கியின் நுனியில் தொங்கவிட்டேன். பார்த்தால் மாட்டியது போல இருக்கும், சாய்ந்தால் கழன்றுவிடும். அவர் செய்யமாட்டார், அவருக்காக நான் செய்கிறேன் என்று நினைத்தேன். அவர் வந்து தள்ளிப் பார்த்திருப்பார், ஆனால் அன்று வெற்றிலைக் கூடைக்காரன் ஒருவனோடு முன்முனையில் வாக்குவாதம். பாதை புறப்பட்டுவிட்டது.

நடு வாவியில் அவர் பின்னுக்குப் போய் அவன் பக்கத்தில் நின்றதைக் கண்டேன். யோகன் அவர் பக்கம் திரும்பி ஏதோ சொல்வதையும் கண்டேன். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. அந்த நேரம் பெரிய அலை ஒன்று அடித்தது. யோகன் சாய்ந்தான், சங்கிலி கழன்றது, சைக்கிள் போய்விட்டது. அவனும் பாதி போய்விட்டான். நல்லதம்பியர் பலகையில் விழுந்து அவனுடைய சட்டையையும் தோளையும் சேர்த்துப் பிடித்தார். அறுபதை நெருங்கிய மனிதர். நான் ஓடிப்போகும் வரை விடவில்லை. நானும்தான் இழுத்தேன். என் கைகள் ஏன் இழுத்தன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

தூக்கியெடுத்ததும் யோகன் ஈரத்தோடு இருந்துகொண்டு தொங்கிய சங்கிலியைப் பார்த்தான். பிறகு நல்லதம்பியரைப் பார்த்தான். அவர்தான் கழற்றி வைத்தார் என்று அந்தப் பார்வை சொன்னது. கரை வந்ததும் யாரோடும் பேசாமல் நடந்தான். அந்தக் கிழமையே ஊரைவிட்டுப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டோம்.

ஆட்கள் இறங்கிய பிறகு நல்லதம்பியர் சங்கிலியை எடுத்து மாட்டினார். இரண்டு தரம் தள்ளினார்.

"நீயா மனே?"

"ஓம் மாமா."

அப்படியே பலகையில் இருந்துவிட்டார். "ரெண்டு வருசமா அவன் பக்கத்தில நிண்டன். இண்டைக்குத்தான் வாய் திறந்தவன். 'மாமா, உங்களோட ஒரு கதை இரிக்கு' எண்டான். அதுக்குள்ள..." என்று சொல்லி நிறுத்தினார். நான் அவர் காலடியில் இருந்தேன். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பழி எடுக்கிறதெண்டா முதல்ல என்ட புள்ள செத்திட்டான் எண்டு நான் ஒத்துக்கொள்ள வேணும். அத ஒத்துக்கொள்ள எனக்கு ஏலாம இரிந்திச்சு. காப்பு, முப்பத்தொண்டு எண்டு சொன்னதெல்லாம் பொய்யில்ல மனே. ஆனா அடியில கிடந்தது இதுதான். செத்திட்டானெண்டா எங்க எண்டு சொல்லவும் அவன் ஒருத்தன்தான் இரிந்தான்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை, யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம், "மாமி உன்னச் சாப்பிட வரச் சொன்னவ" என்றார். பூரணம் மாமி, அவருடைய மனைவி. போனேன். அன்றிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி மத்தியானச் சோறு அந்த வீட்டில்தான். எனக்குக் கலியாணமாகி மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகும் அது நிற்கவில்லை. மாமா என்னை மன்னித்துவிட்டார், மாமிக்கு ஒன்றும் தெரியாது என்று எடுத்துக்கொண்டேன். தின்ற சோறு உள்ளே இறங்கத்தான் கஷ்டப்பட்டது.

நல்லதம்பியர் ஓய்வு பெற்றார், பாதை என் பொறுப்பில் வந்தது. ஏழெட்டு வருடம் கழித்து அவரும் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைக்க மகன் இல்லாததால் நான் வைத்தேன். கடைசி வரைக்கும் மகனுக்கு ஒரு கிரியையும் செய்யவில்லை. சட்டைப்பையிலிருந்த கச்சேரிக் கடிதம் மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாகப் பெட்டிக்குள் கிடந்தது.

நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தபோது, பாலத்தின் தூண்கள் பாதி எழுந்திருந்தன. ஒரு காலை கூட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். பலகையில் ஒரு கிழட்டுக் கால் வந்து நின்றது. இரண்டாம் விரல் பெருவிரலின் மேல். நிமிர்ந்து பார்த்தேன். முகத்தை அடையாளம் தெரியவில்லை, மயிர் கொட்டி, கன்னம் ஒட்டிக் கிடந்தது.

"பெரியவர் இரிக்காரா?" என்று கேட்டான்.

"மோசம் போயிட்டார்" என்றேன்.

அவன் அக்கரையில் இறங்கவில்லை. அடுத்த கூட்டத்தோடு திரும்பி வந்தான். ஆட்கள் குறைந்த நேரத்தில் என்னிடம் வந்தான். தன்னையும் பிடித்து மூன்று நாள் வைத்திருந்து அடித்ததாகவும், யாருக்காவது தலையாட்டாவிட்டால் தாயைக் கொண்டுவருவோம் என்றதாகவும் சொன்னான். உண்மையாக இருக்கும். அது எனக்கு உதவவில்லை.

"ரவிய அண்டைக்கே முடிச்சிட்டானுகள்" என்றான். "பின்னேரம். படுவான்கரையில பெரிய வயல் வட்டை, வாய்க்கால் ரெண்டாப் பிரியிற மூலையில. என்னையும் வச்சுத்தான் குழி வெட்டித் தாட்டவனுகள். இதச் சொல்லத்தான் அண்டைக்கு மாமாட்ட வாய் திறந்த நான். அவர் அதுக்கு முந்தியே சங்கிலியக் கழட்டி வச்சிரிந்தார். பிறகு மனம் கேக்காமப் பிடிச்சிட்டார். நான் பிழையா நினைக்கல்ல. அவருக்கு அந்த உரிமை இரிந்திச்சு."

செத்த மனிதர் மேல் அந்தப் பழி இருபது வருடத்துக்கு மேலாக அவன் நெஞ்சில் கிடந்திருக்கிறது. அதை விட்டுவைக்க எனக்கு ஏலவில்லை.

"அவரில்ல. நான்" என்றேன். "அவர் செய்தது உன்னப் பிடிச்சு இழுத்தது மட்டும்தான்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு பலகையில் குந்தினான். அவனை எழுவான்கரையில் இறக்கிவிட்டேன். அதன் பிறகு நான் அவனைக் காணவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. மாமி வீட்டுக்குப் போனேன். எண்பதை நெருங்கிய கை, அகப்பை நடுங்கும், ஆனாலும் தானே போட வேண்டும். முருங்கைக்கீரையும் பருப்பும் வைத்திருந்தார். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு விழுந்த பிறகு சொன்னேன். யோகன் வந்ததையும், அவன் சொன்ன இடத்தையும், அன்றைக்கே என்பதையும். மாமி அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"அண்டைக்கேவா?" என்றார். "அப்ப இவ்வளவு காலமும் என்ட புள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி வார்க்காம விட்டிட்டமே, மனே. தேப்பனும் வார்க்காமப் போயிட்டாரே."

அது என் தலையில்தான் விழுந்தது. அன்று நான் கொளுக்கியை ஒழுங்காக மாட்டியிருந்தால் தகப்பனே மகனுக்கு நீர் வார்த்திருப்பார். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முப்பத்தொண்டு செய்ய வேணும். நீதான் செய்ய வேணும். அவருக்கும் நீதானே கொள்ளி வச்ச" என்றார்.

"மாமி, அதுக்கு என்ட கை ஆகா" என்றேன். கை சோற்றில் இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கொளுக்கியின் நுனியில் தொங்கவிட்டதை, மாமாவைப் பயந்தவர் என்று நினைத்ததை, சாத்திரம் பெரிசு என்று முகத்துக்கு நேரே சொன்னதை.

"தெரியும்" என்றார் மாமி.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அண்டைக்கு வேலை முடிஞ்சு வந்த உடன சொன்னவர். எனக்கு உன்ட வீட்டு வாசல்ல வந்து மண் அள்ளித் தூத்த வேணும் போல இரிந்திச்சு. அவர்தான் மறிச்சவர். 'அவனா வந்து சொல்லுவான், அதுமட்டும் நீ வாய் திறக்காத, சோத்தப் போடு' எண்டார். அதுக்குத்தான் மனே வெள்ளிக்கு வெள்ளி உன்னக் கூப்பிட்டது. ஒவ்வொரு வெள்ளியும் பாத்தன். இண்டைக்குச் சொல்லுவான், இண்டைக்குச் சொல்லுவானெண்டு. அவரும் பாத்துப் பாத்துத்தான் போனார்."

இத்தனை வருடம், இத்தனை வெள்ளி. அந்த மனிதர் இரண்டு பேரின் வாய்க்காகக் காத்திருந்திருக்கிறார். ஒருவன் வாய் திறக்கும்போது நான் அடைத்தேன். மற்றவன் நானே.

"சாப்பிடு" என்றார் மாமி. "சாப்பிட்டிட்டு ஐயரிட்டப் போய் நாள் கேட்டுக்கொண்டு வா."

கிரியை எங்கள் துறையடியில் நடந்தது. நான் ஈரவேட்டியோடு தண்ணீரில் நின்றேன். மாமி கரையில் கதிரை போட்டு இருந்தார். ஐயர் பெயர்களைக் கேட்டார். முதலில் நல்லதம்பியரின் பெயரையும் அவருடைய தகப்பன், பாட்டன் பெயர்களையும் சொன்னேன். "இன்னும் ஆரும் இரிக்காங்களா?" என்றார் ஐயர். ரவியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"இரிக்கான் ஐயா" என்றார் மாமி, பின்னாலிருந்து. "என்ட புள்ள. ரவீந்திரன்."